கேடு செய்தவரே ஈடு செய்க

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அங்கே இயங்கிய குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. அருகிலுள்ள நாகல்கேணியிலும் பல்லாவரத்திலும் தோல் பதனிடும் ஆலைகள் பெருகின. குரோமிய உப்புகள் நிலத்தடி நீரிலும் கலந்தன. இவ்வாலைகளைத் தட்டிக்கேட்ட சட்டக் கோட்பாடு எங்கே பிறந்தது என்று தேடிப் போனால், ஓர் உரத் தொழிற்சாலையின் வாசலில் போய் நிற்போம்.

ராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகே பிச்ரி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே இந்துஸ்தான் அக்ரோ கெமிக்கல்ஸ் நிறுவனம் சூப்பர் பாஸ்பேட் உரமும் ஓலியமும் தயாரித்து வந்தது. பாறை பாஸ்பேட்டை அப்படியே வயலில் இட்டால் பயிருக்கு எளிதில் கிட்டாது. கந்தக அமிலம் சேர்த்தால்தான் அது நீரில் கரையும் உரமாகிறது. ஓலியம் என்பது அவ்வமிலத்தின் மிகக் கடுமையான, புகை கக்கும் வடிவம்.

1988-இல் அதே வளாகத்தில், அதே குழுவினர் எச் அமிலம் தயாரிக்கத் தொடங்கினர். இது உரமன்று, சாயத் தொழிலுக்கான பொருள். இதைச் செய்யவும் ஓலியம் வேண்டும். ஏறத்தாழ 375 டன் எச் அமிலம் கிடைத்தது. அதனுடன் 8,250 கன மீட்டர் கழிவுநீரும், 2,400 டன்னுக்கு மேல் நச்சுச் சேறும் வந்தன. சரக்கைப்போல் ஆறு மடங்கு சேறு! அவர்கள் தயாரித்தது எதை என்றே ஐயம் எழுகிறது.

திறந்தவெளியில் கொட்டிய சேற்றை மழை கரைத்து நிலத்துக்குள் இறக்கியது. கிணற்று நீர் கறுத்தது. குடிக்கவும் ஆகவில்லை, மாட்டுக்கும் ஆகவில்லை, பாசனத்துக்கும் ஆகவில்லை. உரம் செய்த ஊரிலேயே மண் விளைச்சலுக்கு உதவாமற்போயிற்று. மக்கள் கொதித்தெழுந்தனர். 1989 ஜனவரியில் எச் அமில உற்பத்தி நின்றது. சேறு மட்டும் கிடந்தது. அவ்வாண்டிலேயே வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. போபால் துயரத்துக்கு ஓராண்டுக்குப் பின், 1985 டிசம்பர் 4 அன்று, தில்லி ஸ்ரீராம் உரத் தொழிற்சாலையில் இதே ஓலியம் கசிந்தது. ஆபத்தான தொழில் நடத்துபவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் நேர்ந்த தீங்குக்கு முழுப் பொறுப்பு அவருடையதே என்று தலைமை நீதிபதி பகவதி அமர்வு 1986-இல் கூறியது. பிச்ரி வழக்கில் 1996 பிப்ரவரி 13 அன்று வந்த தீர்ப்பு இன்னும் ஒருபடி மேலே போயிற்று. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தந்தால் போதாது. கெட்ட மண்ணையும் நீரையும் சீர்செய்யும் செலவும் மாசுபடுத்தியவருடையதே என்றது.

அச்செலவு 37.385 கோடி ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. நிறுவனமோ மனுமேல் மனுவாகப் போட்டது. 2011 ஜூலையில் நீதிமன்றம் 12 விழுக்காடு கூட்டு வட்டியோடு கட்டச் சொன்னது.

பிச்ரித் தீர்ப்பு வந்து ஆறே மாதத்தில், 1996 ஆகஸ்டு 28 அன்று, அக்கோட்பாடு தமிழகத் தோல் ஆலைகளைத் தொட்டது. வேலூர் மக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கு அது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதுமாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு காட்டியிருந்தது. ஐந்து மாவட்ட ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். அந்த ஐந்தில் ஒன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், தாம்பரமும் பல்லாவரமும் அன்று அதில்தான் இருந்தன.

2025 ஜனவரியில் பாலாற்றுத் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்பளிக்க நேர்ந்தது. ஈடு கிடைக்காத குடும்பங்களுக்கு அரசு முதலில் தொகையைக் கொடுத்துவிட்டு, பின்னர் ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்று.