அன்றாடப் பேச்சில் முரண்நகை

சொல்லின் நேர்ப்பொருள் ஒன்றாகவும் சொல்பவர் கருதும் பொருள் வேறாகவும் இருந்து, அந்த வேறுபாட்டைக் கேட்பவரும் உணரும்படி அமையும் பேச்சு முரண்நகை எனப்படும். காலை பத்து மணிக்கு எழுந்து வரும் மகனிடம், "வாங்க சார், அதுக்குள்ள எழுந்துட்டீங்களா?" என்று தாய் கேட்பது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. சொற்களில் மரியாதையும் வியப்பும் இருக்கின்றன, உணர்த்தப்படுவதோ கண்டிப்பு. நக்கல், குத்தல், கிண்டல், நையாண்டி, கொங்கு வட்டாரத்துக் குசும்பு ஆகிய சொற்கள் கேலியின் பல வகைகளைக் குறிப்பவை. முரண்நகை அக்கேலிக்குக் கைகொடுக்கும் வழிகளுள் ஒன்று. கேலியில்லாத இடங்களிலும் அது வரும்.

முரண்நகை பொய்யன்று. பொய் சொல்பவர் உண்மை தெரியக்கூடாது என்று நினைக்கிறார். முரண்நகையாகப் பேசுபவர் தம் உள்ளக் கருத்து பிடிபடவேண்டும் என்றே பேசுகிறார். மங்கல வழக்கும் இதனின்று வேறானது. நன்னூல் கூறும் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றான மங்கலம், அமங்கலமானதை நல்ல சொல்லால் குறிப்பது. சுடுகாட்டை நன்காடு என்பதும் கருநிற ஆட்டை வெள்ளாடு என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். இங்கும் சொல் மாறி நிற்கிறது. ஆனால் யாரையும் எதையும் குறைசொல்லும் நோக்கம் இல்லை.

வகைகள்

முரண்நகையைப் பொதுவாக மூன்றாகப் பகுப்பர். பேச்சிலேயே அமைவது சொல் முரண்நகை. எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நிகழ்வு அமைவது சூழல் முரண்நகை. "வேலியே பயிரை மேய்ந்தது" என்ற பழமொழி அத்தகைய நிலைமையைச் சுட்டுவது. கதைமாந்தர் அறியாத ஒன்றைப் படிப்பவரோ பார்ப்பவரோ அறிந்திருப்பது நாடக முரண்நகை. சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே கோவலன் கண்ணகியின் சிலம்பை விலை மதிப்பிடக் கொண்டுபோகிறான். பழியைக் கோவலன் தலையில் போடும் எண்ணத்தோடு பொற்கொல்லன் அரண்மனைக்குச் செல்வது படிப்பவருக்குத் தெரியும். அவன் சொன்ன இடத்தில் நம்பிக்கையோடு காத்திருக்கும் கோவலனுக்குத் தெரியாது. அன்றாடப் பேச்சில் மிகுதியாக வழங்குவது முதல் வகையே.

பேச்சில் அடையாளங்கள்

முரண்நகையைக் கேட்பவர் முதலில் கண்டுகொள்வது சூழலால். கொட்டும் மழையில் நனைந்து வந்தவர் "நல்ல வெயில்" என்றால் விளக்கம் தேவையில்லை. இழுத்துச் சொல்லும் ஓசை, ஒரு சொல்லில் மட்டும் விழும் அழுத்தம், உயரும் புருவம் ஆகியவையும் துணைசெய்யும்.

தமிழ்ப் பேச்சில் இலக்கண வடிவங்களே அடையாளமாவதும் உண்டு. முதன்மையானது மரியாதை மாற்றம். வழக்கமாக "வா, போ" என்று அழைக்கப்படும் தம்பியையோ மகளையோ திடீரென "வாங்க, உட்காருங்க" என்றால் கோபமோ கேலியோ இருக்கிறது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடும். "துரை", "மகாராணி", "கலெக்டர்" முதலிய விளிகளும் இவ்வாறே பயன்படும். "பெரிய" என்ற அடை இன்னொன்று: "பெரிய தியாகி!" என்பதில் தியாகம் இல்லை. "ஆமாமாம்" என்று அடுக்கி வரும் உடன்பாடு பல வேளைகளில் மறுப்பு.

பிறர் கூற்றை எடுத்துச்சொல்லும் "ஆம்" என்ற விகுதிக்கும் இதில் பங்குண்டு. "தம்பி நாளையிலேர்ந்து அஞ்சு மணிக்கு எழுந்து படிப்பாராம்" என்று அக்கா சொல்லும்போது, தம்பியின் வாக்குறுதி அப்படியே திருப்பிச் சொல்லப்படுகிறது. அதை நம்பவில்லை என்பது விகுதியிலும் குரலிலும் மரியாதைப் பன்மையிலும் தெரிகிறது.

நெடுங்கால வழக்கால் முரண்நகை சொல்லோடு உறைந்துவிடுவதும் உண்டு. "படிச்சுக் கிழிச்சான்", "வெட்டி முறிச்சான்" என்பவை ஒன்றும் செய்யவில்லை என்றே பொருள்படும். அழகையும் நற்கூறையும் குறிக்கும் "லட்சணம்", "இந்த லட்சணத்துல" என்று வரும்போது அலங்கோலத்தைக் குறிக்கிறது. இத்தொடர்களைப் புரிந்துகொள்ளச் சூழலைத் தேடவேண்டியதில்லை.

இலக்கண, இலக்கிய மரபு

தொல்காப்பியம் நகைச்சுவை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைக்கிறது. அதன் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கிறது. வெளிப்படையாக வசைகூறுவது முன்னது. வசையை மறைத்துக் கூறுவது பின்னது. தண்டியலங்காரம் புகழ்வதுபோலப் பழித்தலையும் பழிப்பதுபோலப் புகழ்தலையும் இலேச அணியில் அடக்குகிறது. வஞ்சப்புகழ்ச்சி என்ற பெயரே இன்று பரவலாக அறியப்பட்டது.

கயவர் தாம் விரும்பியதையே செய்து திரிவதால் தேவரை ஒத்தவர் என்னும் கருத்தமைந்த குறள் (1073) பள்ளிப் பாடங்களில் இவ்வணிக்குக் காட்டப்படுவது. புறநானூற்றின் 95ஆம் பாடலில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலங்கள் நெய்பூசி மாலை சூட்டி அழகாகக் காக்கப்படுவதையும், அதியமானின் வேல்கள் நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் சொல்கிறார். புகழப்பட்டவை போரைக் காணாதவை. பழிக்கப்பட்டவை ஓயாமல் போர் கண்டவை. கடவுளை ஏசுவதுபோலப் போற்றும் நிந்தாஸ்துதிக்குக் காளமேகப் புலவர் பெயர்பெற்றவர்.

விளக்கக் கோட்பாடுகள்

சொன்னதற்கு எதிரானதைக் கொள்ளவேண்டிய பேச்சு என்பது முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் குவிண்டிலியன் தந்த விளக்கம். 1975இல் வெளியான கட்டுரையொன்றில் மெய்யியலாளர் பால் கிரைஸ், உண்மையையே பேசவேண்டும் என்ற உரையாடல் நெறியைப் பேசுபவர் வெளிப்படையாக மீறுவதாகவும், அதைக் கண்ட கேட்பவர் வேறு பொருளைத் தேடுவதாகவும் கூறினார்.

எதிர்ப்பொருள் மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடாது. கல்யாணப் பந்தியில் சாம்பாருக்காக இலைமுன் வெகுநேரம் காத்திருப்பவர், "அவசரமில்லப்பா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஊத்தினாப் போதும்" என்பார். இதை எதிர்மறையாக்கினால் "ராத்திரிக்கு ஊற்ற வேண்டாம்" என்று வருமே தவிர, அவருடைய எரிச்சல் வராது. இத்தகைய இடங்களுக்கு வேறு விளக்கங்கள் எழுந்தன. டான் ஸ்பெர்பரும் டெய்ட்ரே வில்சனும் 1981இல், முரண்நகை பிறர் சொன்னதையோ பொதுவான எதிர்பார்ப்பையோ எதிரொலித்து, அதன்மீது தம் மனப்பான்மையைக் காட்டுவது என்றனர். மேலே கண்ட அக்காவின் பேச்சு இதற்குப் பொருந்தும். ஹெர்பர்ட் கிளார்க்கும் ரிச்சர்ட் கெரிக்கும் 1984இல் முன்வைத்த பாவனைக் கோட்பாட்டின்படி, பேசுபவர் வேறொருவராக நடிக்கிறார். பந்திக்காரர் பொறுமையின் வடிவமாக நடிப்பது அவ்வகை.

பயன்களும் எல்லைகளும்

நேரடியாகச் சொன்னால் சண்டையாகும் குறையைச் சிரிப்போடு சொல்ல முரண்நகை உதவுகிறது. எதிர்த்துக் கேட்டால், "நல்லாத்தானே சொன்னேன்" என்று பின்வாங்கவும் இடம் தருகிறது. நண்பர்களிடையே "வாடா வெட்டிப்பயலே" போன்ற ஏச்சு அன்பாவது இதன் மறுபக்கம். அதிகாரத்தில் இருப்பவரை நேரே பேச முடியாதவர்களுக்கு முரண்நகை ஒரு வழி. அதே கருவியை மேலிடத்தில் இருப்பவர் கீழுள்ளவர்மேல் பிறர் முன்னிலையில் எடுத்தால், பதில் பேச முடியாதவருக்கு அது அவமானமாகிறது.

முரண்நகையைப் புரிந்துகொள்ள, பேசுபவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை ஊகிக்கவேண்டும். குழந்தைகளுக்கு இத்திறன் ஏறத்தாழ ஐந்து, ஆறு வயதில் தொடங்கிப் பல ஆண்டுகளில் வளர்கிறது. சிறு குழந்தையிடம் "ரொம்ப நல்ல வேலை செஞ்ச" என்றால் அது பாராட்டாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டவர்களுள் சிலருக்கும் முரண்நகையைப் பிரித்தறிவது கடினமாகிறது. வேற்று ஊரார், வேற்று மொழியார் இடையே பொதுவான பின்னணி குறைவதால் பிழைபட உணரப்படும் வாய்ப்பு கூடுகிறது.

எழுத்தில் குரலும் முகமும் இல்லாததால் இடர் இன்னும் அதிகம். பிரெஞ்சுக் கவிஞர் அல்காந்தர் த பிராம் 1899இல் முரண்நகைக்கென்றே ஒரு நிறுத்தக்குறியை முன்மொழிந்தார். அது வழக்கில் நிலைக்கவில்லை. கைபேசிச் செய்திகளில் சிரிக்கும் முகக்குறிகளும், மேற்கோள் குறிகளும், "ஆஆஆமா" என நீட்டி எழுதும் எழுத்துகளும் இன்று ஓரளவுக்கு அப்பணியைச் செய்கின்றன.