ஆள்மாறாட்டம்: ஒரு சொல்லின் பொருளெல்லை

ஒருவர் தம்மை வேறொருவராகக் காட்டிக்கொள்ளும் குற்றத்தைக் குறிக்கத் தமிழில் இன்று நிலைபெற்றுள்ள சொல் ஆள்மாறாட்டம். 2019இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவருக்காக வேறொருவர் நீட் தேர்வு எழுதியதாக வழக்கு எழுந்தபோது நாளிதழ்கள் இச்சொல்லையே ஆண்டன. ஒருவர் இடத்தில் மற்றொருவர் அமர்ந்தார் என்பதே குற்றச்சாட்டு ஆதலின் சொல் அங்கு முற்றும் பொருந்தியது. சட்ட மொழிபெயர்ப்பில் இப்பொருத்தம் எப்போதும் கிட்டுவதில்லை.

மாறாடு என்னும் வினையடியாகப் பிறந்தது மாறாட்டம். இதிலுள்ள ‘ஆடு’ என்பதைக் கண்டு சொல்லைக் கூத்தோடு இணைத்தல் பிழை. போராடு, வாதாடு, மன்றாடு என்பவற்றிற்போல அது வினையாக்கமே. புத்திமாறாட்டம் என்பது மனக்குழப்பம். ‘ஆள் மாறிப்போயிற்று’ என்னும் பேச்சு வழக்கிலும் வஞ்சகம் இல்லை. ஒன்று மற்றொன்றாகிவிட்ட நிலையே அடிப்படைப் பொருள். ஏமாற்றும் நோக்கம் வழக்கால் ஏறியது எனலாம்.

பழந்தமிழ் இதனை வேடம் கொள்பவர் பக்கம் நின்று நோக்கியது. சிலப்பதிகாரத்து வேனிற்காதையில் கோவலன் அடுக்கும் எண்வகை வரிகளுள் ஒன்று உள்வரி. மாதவி தன் மொழி, நடை, சாயல் மூன்றையும் மறைத்து, ஏவல் மகளிர் கோலத்தில் தனியே வந்ததை அவன் இப்பெயரால் சுட்டுகிறான். (பேச்சும் நடையுமே ஆளை முதலில் காட்டிக்கொடுப்பவை என்பதை இளங்கோவடிகள் நன்கறிந்திருந்தார்.) அவள் பெயருடைய எந்தப் பெண்ணாகவும் மாறவில்லை, ஒரு வகையினராக மாறினாள். கன்னடத்து ‘ஸோகு’ என்னும் சொல்லும் இத்தகையதே. இரு மொழிகளும் அருகருகே வழங்கும் வைட்ஃபீல்டு போன்ற இடத்தில் வேறுபாடு எளிதில் புலப்படும். கன்னட நாளிதழ் ‘போலீசர ஸோகினல்லி’ என எழுதுமிடத்துத் தமிழ் நாளிதழ் ‘போலீஸ் போல் நடித்து’ என்றே எழுதும்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் (1860) 416ஆம் பிரிவு மூன்று செயல்களைக் கூறியது: பிறராக நடித்தல், ஒருவருக்குப் பதில் மற்றொருவரை வைத்தல், தம்மையோ மற்றொருவரையோ அவரல்லாத ஒருவராகக் காட்டுதல். இரண்டாவதே சொல்லுக்கு நேரான ஆள்மாறாட்டம். மேலும், நடிக்கப்பட்டவர் கற்பனை மனிதராயினும் குற்றமே என்றது அதன் விளக்கம். இல்லாத ஆளோடு மாறுவது எங்ஙனம்? 1.7.2024 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவிலும் இவ்விளக்கம் தொடர்கிறது.

1920இல் சேர்க்கப்பட்ட 171டி பிரிவு இன்னும் இடர் தருவது. இறந்தவர் பெயரிலோ கற்பனைப் பெயரிலோ வாக்குச் சீட்டுக் கேட்பதோடு, ஒருமுறை வாக்களித்தவர் தம் சொந்தப் பெயரிலேயே மீண்டும் கேட்பதையும் அது இக்குற்றத்துள் அடக்கியது. அங்கு ஆளும் மாறவில்லை, பெயரும் மாறவில்லை. மக்கள் வழக்கிலுள்ள ‘கள்ள ஓட்டு’ இவை அனைத்தையும் இயல்பாகத் தழுவுகிறது. தேர்தல் பிரிவின் மொழிபெயர்ப்பாளர் அதனை ஒதுக்கியது நட்டமே என்பது என் கருத்து. 319ஆம் பிரிவுக்கு ‘தாமல்லாத ஒருவராகக் காட்டி ஏமாற்றுதல்’ என்பது நீளமாயினும் பொருந்தும்.