வீதியில் நடக்கும் உரிமை

1956ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் பார்வையற்ற ஒருவர் வெண்கோலூன்றி வேலைக்குப் புறப்பட்டார். நடைபாதையில் பள்ளம் வெட்டிய மின்வாரியப் பணியாட்கள், நீண்ட பிடியுள்ள கருவியொன்றைப் பாதையின் குறுக்கே சாய்த்து வைத்திருந்தனர். கோலுக்கு அது தட்டுப்படவில்லை, காலை இடறிற்று. விழுந்தவர் கேட்கும் திறனையும் இழந்தார். பார்வையுள்ளோர்க்கு அந்தத் தடுப்பு போதுமே, அதற்கு மேல் வாரியத்துக்கு என்ன கடமை என்று கூறிக் கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளிவிட்டன. 1964இல்தான் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. லண்டனில் அப்போது ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவர் பார்வையற்றவராக இருந்தார். அவர்கள் வீதிக்கு வருவர் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இதே பொருளை அமெரிக்காவில் ஜேகோபஸ் டென்புரூக் என்னும் பேராசிரியர் ஆராய்ந்தார். 1911இல் கனடாவில் பிறந்த அவர், சிறுவயதில் விளையாட்டில் அம்பு பட்டு ஒரு கண்ணையும், பின்னர் மற்றதையும் இழந்தவர். கலிபோர்னியாவின் பர்க்லி நகரப் பார்வையற்றோர் பள்ளியில் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தவர் நியூவெல் பெர்ரி. அவரும் பார்வையற்றவரே. ஜெர்மனியில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றும், பல்கலைக்கழகம் எதிலும் அவருக்கு ஆசிரியப் பதவி கிட்டவில்லை! ஆசானுக்கு அடைபட்டிருந்த கதவு மாணவருக்குத் திறந்தது. 1940இல் பார்வையற்றோரின் தேசிய சம்மேளனத்தைத் தோற்றுவித்த டென்புரூக், 1942இல் பர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

அவருடைய பெரும் ஆய்வுகள் எல்லாமே ஊனத்தைப் பற்றியவை அல்ல என்பதை நாம் கவனிக்க வேண்டும். சட்டத்தின் முன் சமத்துவம் தரும் பதினான்காம் அரசியல் திருத்தம் அடிமை ஒழிப்பு இயக்கத்திலிருந்து கிளைத்ததை 1951இல் ஒரு நூலில் விளக்கினார். போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சத்தினர் முகாம்களில் அடைக்கப்பட்டதை, வேறிருவருடன் சேர்ந்து 1954இல் ஆராய்ந்தார். அந்தத் தராசிலேயே பின்னர் ஊனமுற்றோர் வழக்கையும் வைத்தார். அவர் எழுத்தின் வலிமை இதில்தான் உள்ளது என்பது நம் கருத்து.

1966இல் கலிபோர்னியச் சட்ட ஆய்விதழில் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளியாயிற்று. உலகில் வாழும் உரிமை என்பது அதன் தலைப்பு. ஊனமுற்றோர் வீட்டில் முடங்காது வெளிவர வேண்டுமென அரசு பொதுப்பணம் செலவிடுகிறது. வெளிவந்தவர் குழியில் விழுந்தாலோ, நீதிமன்றம் பழைய அளவுகோலையே எடுக்கிறது. இந்த முரண்பாட்டை வழக்கு வழக்காக அவர் எடுத்துக்காட்டினார். குழி வெட்டுவோர் பார்வையற்றோரும் அவ்வழியே வருவரென எண்ணியே காவல் செய்ய வேண்டும். பார்வையற்றவர் துணையின்றி வந்தார் என்பதையே அவருடைய கவனக்குறைவாகக் கொள்ளலாகாது என வாதித்தார். கருணையை அவர் கேட்கவில்லை. அரபியில் 'ஹக்கு' என்கிறோமே, அதைக் கேட்டார்.

1968 மார்ச்சில் டென்புரூக் புற்றுநோயால் மறைந்தார். வீதிகளையும் நடைபாதைகளையும் பொது இடங்களையும் தடையின்றிப் பயன்படுத்த, உடல் நலமுற்றோர்க்குள்ள அதே உரிமை ஊனமுற்றோர்க்கும் உண்டெனக் கலிபோர்னியா சட்டமியற்றியதும் அதே ஆண்டில்தான். நாடு முழுமைக்குமான விரிவான சட்டம் வர 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.