இறைவன் குடிகொண்ட ஊர்

தென்காசித் திருக்கோயிலை எடுப்பித்த பதினைந்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன், காசியிலிருந்து சிவலிங்கம் கொணர்ந்த வரலாற்றைச் சிவகாசி மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். வழியில் ஒரு வில்வ வனத்தில் மன்னன் தங்கினான். மறுபடி புறப்படுங்கால், லிங்கத்தைச் சுமந்து வந்த பசு அடியெடுத்து வைக்க மறுத்தது. இறைவன் திருவுள்ளம் இதுவே எனக் கொண்டு மன்னன் அங்கேயே பிரதிட்டை செய்தான், ஊர் சிவகாசியாயிற்று.

இவ்வரலாற்றில் மன்னன் 'தங்கினான்', இறைவனோ 'எழுந்தருளினான்'. இரண்டும் ஓரிடத்தில் இருத்தலே; ஆயினும் தமிழ் இவற்றை ஒன்றாகக் கொள்வதில்லை. வழிப்போக்கன் தங்குவான். குடும்பத்தான் குடியிருப்பான். முனிவன் உறைவான். அரசன் வீற்றிருப்பான். இறைவன் குடிகொள்வான், எழுந்தருளியிருப்பான். பிறர்க்குரிய இடத்தை வலிந்து கொள்வதற்கு மட்டும் ஆக்கிரமித்தல் என்னும் வன்சொல்லை வைத்தோம். கோயில் என்பதும் முற்காலத்தில் கோவின் இல், அரண்மனை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அரண்மனைக்கு அதுவே பெயர். வடமொழி ஆலயம் என்பதற்கும் உறைவிடமென்றே பொருள். எங்கும் நிறைந்தவனுக்கு வீடு எதற்கு என வினவுவார் உளர். ஆலயத்தை அரனெனவே தொழுக என்று சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் விடை கூறிவிட்டதாதலின் நாம் அதனை நீட்டிக்கவில்லை.

அண்டையிலுள்ள விருதுபட்டியையும் நோக்குவோம். பட்டி என்பது சிற்றூர். ஆநிரை அடைக்கும் தொழுவுக்கும் அதுவே பெயர். 1923-இல் அவ்வூர் விருதுநகர் ஆயிற்று. வாணிகத்தால் வளர்ந்த ஊரார் நகர் என்னும் சொல்லைப் பேரூர் என்றே விரும்பியிருப்பர். பண்டைத் தமிழிலோ அச்சொல் மாளிகைக்கும் வழங்கியது, கோயிலுக்கும் வழங்கியது. பெயர் மாற்றியோர் இதனை எண்ணினரோ இல்லையோ, நமக்கு உவப்பாகவே உள்ளது.

இனிக் கசப்பான பகுதி. இறைவன் குடிகொண்ட சிவகாசியில், தலைமுறைகளாகக் குடியிருந்த நாடார் பெருமக்கள் விசுவநாதர் சந்நிதிக்குள் புகுதல் கூடாதென்று தடுக்கப்பட்டனர். பகை முற்றி, 1899 ஜூன் 6-ஆம் நாள் பெருங்கூட்டம் ஆயுதங்களுடன் ஊருக்குள் புகுந்தது. உயிர்கள் மாண்டன, வீடுகள் எரிந்தன. இதற்கு ஈராண்டு முன்னர்க் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலிலும் நுழைவு பற்றிய வழக்கு எழுந்தது. அது கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908-இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. பராக்கிரம பாண்டியனின் பசு நின்ற இடத்தில் இறைவன் இருந்தான். அவனைச் சுற்றிக் குடியிருந்தோர் மதிலுக்கு வெளியே நின்றனர். இதனை எச்சாத்திரத்தின் பெயரால் நியாயப்படுத்துவது? நம் முன்னோருள் அன்று வாய்மூடியிருந்த பலர் சைவம் கற்றவரே என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை.

1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரையில் வைத்தியநாதையர், அரிசன அன்பர் ஐவரும் நாடார் ஒருவரும் உடன்வர, மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் சென்றார். அவ்வாண்டே சட்டமும் துணைநின்றது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணமெங்கும் கதவுகளைத் திறந்தது.

சிவகாசியில் இப்பொருள் பற்றி நாம் பேசிய இரவில், பட்டாசு ஆலையில் பணியாற்றும் முதியவர் ஒருவர் நம்மை அணுகினார். "சாமி, இருக்கிறதுன்னு இவ்வளவு சொன்னீங்க. எங்க ஆலையிலே மருந்து அறைக்கு நாலு பேர்தான் இருக்கலாம். அஞ்சாவது ஆள் உள்ளே வந்தா, நாங்களே வெளியே போகச் சொல்லிடுவோம்" என்றார். உயிர் காக்கும் விதி அது. அதை மீறிய அறைகளில் நேர்ந்த விபத்துகளை அவ்வூர் நன்கறியும். "இங்கே எத்தனை பேர் இருக்கலாம்?" என்று சந்நிதியைக் காட்டிக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டுத் தீபாராதனைக்கு உள்ளே போய்விட்டார்.