கர்பலாவில் வீழ்ந்த தோழர்கள்

நம் திருவழிபாட்டு நாள்காட்டியில் பிப்ரவரி 6-ஆம் நாளுக்கு எதிரே 'புனித பவுல் மீக்கியும் தோழர்களும்' என்று காண்கிறோம். ஜூன் 3-இல் சார்லஸ் லுவாங்காவும் தோழர்களும். செப்டம்பர் 20-இல் கொரிய நாட்டு ஆண்ட்ரூ கிம், பவுல் சொங் ஆகியோரும் தோழர்களும். நாகசாகிக் குன்றின்மேல் 1597-இல் சிலுவைகளில் உயிர்நீத்தோர் இருபத்தாறு பேர். கொரிய மறைசாட்சியர் நூற்று மூவர். ஓரிருவர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் 'தோழர்கள்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். ஏடுகளில் அவர்தம் பெயர்கள் உள்ளன. பீடத்தருகே அவை ஒலிப்பதில்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்ட அருளானந்தரை மறவ நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1686-இல், அவரோடு பிடிபட்டு அவரோடு வதைபட்ட வேதியர்களின் பெயர்களைச் சொல்லக்கூடியவர் நம் பங்குகளில் எத்தனை பேர்?

தலைவரோடு வீழ்ந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நினைவுகூரும் வழக்கம் நம் அயலாராகிய இஸ்லாமியரின் வரலாற்றில் வேரூன்றி நிற்கிறது. அதன் நிலைக்களம் கர்பலா. கிறிஸ்து பிறப்புக்குப் பின் 680-ஆம் ஆண்டு அக்டோபர் 10; ஹிஜ்ரி 61, முகர்ரம் மாதம் பத்தாம் நாள்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு முஸ்லிம் அன்பர்கள் புதியவர் அல்லர். உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர் ஆகிய ஊர்களில் இராவுத்தர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. உத்தமபாளையத்தில் 1956-இல் எழுந்த ஹாஜி கருத்த இராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் நம் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டிப் பிள்ளைகளும் பயின்றுள்ளனர். இப்பகுதியின் எந்தப் பள்ளி வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும் அப்பாஸ், காசிம், அபீபு, அலி அக்பர், செய்னம்பு, சக்கீனா என்னும் பெயர்கள் கண்ணில் படும். இவையனைத்தும் கர்பலாவில் நின்றவர்களின் பெயர்கள். பெற்றோர் அவர்களை எண்ணித்தான் இப்பெயர்களை இட்டனர் என்று நாம் அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. நபிகளாரின் சிறிய தந்தையும் அப்பாஸ், அவர் மகளும் ஸைனப். எனினும் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பாலைநிலத்தின் எதிரொலி நம் பள்ளத்தாக்கில் எழத்தான் செய்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் இராவுத்தர் அன்பர்கள் சுன்னத்து வழியினர். ஹனபி முறையைப் பின்பற்றுவோர். மாரடித்து ஊர்வலம் போவதை அவர்தம் மார்க்க அறிஞர்கள் ஏற்பதில்லை. முகர்ரம் பத்தாம் நாளாகிய ஆஷூராவில் அவர்கள் நோன்பு நோற்பது, மோசேயும் இஸ்ராயேல் மக்களும் பார்வோன் கையினின்று மீட்கப்பட்டதை நினைத்து! விடுதலைப் பயண நூலைப் பாஸ்கா இரவில் வாசிக்கின்ற நாம் இதை அறியாதிருப்பது விந்தை. ஷியா வழியினருக்கோ அந்நாள் முழுவதும் கர்பலாவின் துக்கம். ஆயினும் நபிகளாரின் பேரர் கொலையுண்ட செய்தியைச் சொல்லும்போது கலங்காத முஸ்லிம் இரு வழியிலும் இல்லை.

நடந்தது என்ன? 680-இல் முஆவியா மறைய, அவர் மகன் யசீது ஆட்சிக்கு வந்தான். தந்தைக்குப் பின் மகன் என்னும் இம்முறையை உசேன் ஏற்கவில்லை. யசீதுக்குப் பணிந்து கைகொடுக்கவும் இசையவில்லை. மதீனாவை விட்டு மக்காவுக்குச் சென்றார். இராக்கிலுள்ள கூஃபா நகரத்தார் 'வருக' என்று கடிதத்தின்மேல் கடிதம் விடுத்தனர். நிலைமையை அறிய உசேன் முன்னே அனுப்பியவர் தம் பெரியப்பா மகன் முஸ்லிம் இப்னு அகீல். மக்கள் முதலில் திரண்டனர். ஆளுநன் உபைதுல்லா மிரட்டியதும் கலைந்தனர். முஸ்லிம் தனித்து விடப்பட்டுக் கொல்லப்பட்டார். உசேனின் உறவினருள் முதற்பலி இவரே. அச்செய்தி வழியில் எட்டியபோது, உடன் வந்தோரில் பலர் விலகினர். அவர்களை உசேன் கடிந்ததாக வரலாறு சொல்லவில்லை. செல்ல விரும்புவோர் செல்லலாம் என்று அவரே அறிவித்திருந்தார்.

இதற்கிடையே ஆயிரம் குதிரை வீரருடன் வழிமறிக்க வந்தவன் ஹுர் என்னும் படைத்தலைவன். நண்பகல் வெயிலில் அப்படை நாவறண்டு நின்றது. தம்மைப் பிடிக்க வந்த வீரர்களுக்கும் அவர்களுடைய குதிரைகளுக்கும் தம்மிடமிருந்த தண்ணீரை வழங்கச் சொன்னார் உசேன். பிந்தி வந்த ஒருவனுக்குத் தோற்பையிலிருந்து குடிக்கக் கை வராமற் போகவே, அவரே எழுந்து பையின் வாயைத் திருத்திக் கொடுத்தார். சில நாட்களுக்குள் யூப்ரத்தீசு ஆற்றங்கரையில் அதே மனிதருக்கும் அவருடைய குழந்தைகளுக்கும் தண்ணீர் மறுக்கப்பட்டது. தாது வருஷப் பஞ்சத்தைக் கண்டு, 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வரும்வரை வானத்தையே நோக்கி நின்ற மண்ணில் வாழும் நமக்கு இதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை.

முகர்ரம் ஒன்பதாம் நாள் இரவு. எதிரே நாலாயிரவர்க்குக் குறையாத படை. தம்மவரைக் கூட்டி உசேன் சொன்னதன் சாரம் இது: இவர்கள் தேடுவது என்னையே, இருட்டைத் துணையாகக் கொண்டு நீங்கள் போய்விடுங்கள், உங்கள்மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. போனவர் இல்லை. கெத்சமனித் தோட்டத்தில் தோழர்கள் உறங்கியதையும் ஓடியதையும் ஆண்டுதோறும் வாசிக்கின்ற நமக்கு இவ்விரவைப் படிக்கும்போது மனம் சற்றே கூசுகிறது.

மறுநாள் நின்றவர்கள் யார்? முப்பத்திரண்டு குதிரை வீரர், நாற்பது காலாட்கள் என்பது பழைய கணக்கு. எழுபத்திருவர் என்ற எண் அவ்வாறே நிலைத்தது. பிற்காலப் பட்டியல்கள் கூட்டியும் குறைத்தும் சொல்லும். எண்ணைக் காட்டிலும் ஆட்களே நம்மைக் கவர்கின்றனர். ஹபீப் இப்னு முஸாஹிர், முஸ்லிம் இப்னு அவ்ஸஜா இருவரும் கூஃபாவின் முதியோர். ஸுஹைர் என்பவரோ உசேனின் கட்சியைச் சேர்ந்தவரே அல்லர். ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில் உசேனின் கூடாரத்துக்கு அருகே தங்க நேராதபடி ஒதுங்கி ஒதுங்கி வந்தவர். ஒரு நாள் வேறு வழியின்றி ஒரே இடத்தில் தங்க, உணவருந்திக்கொண்டிருக்கையில் உசேனின் ஆள் வந்து அழைத்தான். எல்லாரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுத் திகைக்க, நபியின் மகள் வயிற்றுப் பிள்ளை அழைத்தும் போகாதிருப்பதா என்று கேட்டவள் அவருடைய மனைவி. போனார், திரும்பி வந்து தம் கூடாரத்தைப் பெயர்த்து உசேனின் பக்கம் கொண்டு சென்றார். அபூதர் என்னும் நபித்தோழரின் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஜவ்ன் என்னும் கருநிறத்தவரும் அங்கே இருந்தார். போருக்கு முந்திய இரவு உசேனின் வாளைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தவராக அவரைக் காண்கிறோம்.

வழிமறித்த ஹுர்? அன்று காலை எதிர்ப்படையில் நின்றவன் உடல் நடுங்கினான். குதிரையை மெல்ல மெல்ல நடத்தி, கடைசியில் உசேனின் பக்கம் வந்து சேர்ந்தான். கூஃபாப் படையை நோக்கி அவனே பேசினான். பின் போரிட்டு மாண்டான். இறுதி வேளையில் மனந்திரும்பிய கள்வனை நினையாமல் இப்பகுதியை நம்மால் கடக்க இயலவில்லை.

புதிதாக மணமான கிறிஸ்தவ இளைஞன் ஒருவன் இஸ்லாத்தைத் தழுவி அங்கே போரிட்டு மாண்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. வஹ்பு என்பது அவன் பெயர். நம்மவர் இதை விரும்பிச் சொல்லக்கூடும். பழைய வரலாற்றில் அவ்விடத்தில் காணப்படுவோர் அப்துல்லா இப்னு உமைர் என்பவரும், உம்மு வஹ்பு என்னும் அவர் மனைவியும் ஆவர். வீழ்ந்த கணவனின் அருகமர்ந்து அவன் முகத்துப் புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பெண்ணைக் கூடாரக் கம்பால் அடித்துக் கொன்றனர். இவ்வரலாறே நமக்குப் போதுமானது.

தோழர்கள் வீழ்ந்தபின் உறவினர் களம் புகுந்தனர். உசேனின் மகன் அலி அக்பர் முதலில் சென்றார். உடன்பிறந்தாள் ஸைனபின் மைந்தர் அவுனும் முகம்மதுவும் மாண்டனர். அண்ணன் ஹசனின் மகன் காசிம் இன்னும் சிறுவன். அவன் களத்திற்கு வருகையில் ஒரு கால் செருப்பின் வார் அறுந்திருந்தது, அது இடக்கால் என்பது மறக்கவில்லை என்று சொன்னவன் ஹுமைது என்பவன், எதிர்ப்படையில் நின்றவன்! கண்ணாரக் கண்ட கொலையாளிகளின் கூட்டாளி வாயிலிருந்து இச்செய்தி வந்திருப்பதை வரலாறு படிப்போர் கவனிக்க வேண்டும். உசேனின் தந்தை அலீக்கும் உம்முல் பனீன் என்னும் அன்னைக்கும் பிறந்தவர்கள் நால்வர்: அப்பாஸ், அப்துல்லா, ஜாஃபர், உஸ்மான். தாய்வழி இனத்தானாகிய ஷிம்ரு அவர்களுக்கு மட்டும் உயிர்ப்பிச்சை தர முன்வந்தான், நால்வரும் மறுத்தனர். ஒரே நாளில் ஒரு தாய் நான்கு மைந்தரை இழந்தாள். மக்கபேயர் நூலில் ஏழு மக்களைப் பறிகொடுத்த அன்னையின் வரலாறு நம்மிடம் இருக்கிறதே. உசேனின் கையிலிருந்த பச்சிளங்குழந்தையும் அம்பு பட்டு மாண்டது. கடைசியில் உசேன்.

இவ்வளவு நுட்பமாக இவை நமக்குக் கிடைத்தது எவ்வாறு? கூஃபாவைச் சேர்ந்த அபூ மிக்னஃப் என்பவர் தப்பிப் பிழைத்தோரிடமிருந்தும், எதிர்ப்படையில் இருந்தோரிடமிருந்தும் வழிவழி வந்த வாய்மொழிகளைத் திரட்டினார். அவர் 774-இல் மறைந்தார். அவருடைய நூலைப் பெரும்பகுதி தன்னுள் வைத்துக் காத்தது 923-இல் மறைந்த தபரியின் பெருவரலாறு. யார் சொல்ல யார் கேட்டார் என்று ஒவ்வொரு செய்திக்கும் தலைமுறை காட்டுவது இவர்கள் மரபு. இன்னார் வீழ்ந்தார், இன்னார் அவரைக் கொன்றார் என்று பெயர் பெயராக எழுதிவைத்தனர். அரபியில் 'ஷஹீது' என்பதும், கிரேக்கத்தில் 'மார்த்துஸ்' என்பதும், தமிழில் 'சாட்சி' என்பதும் ஒரே பொருளன. சாட்சிக்குப் பெயர் வேண்டாமோ?

போர் முடிந்தது. தலைகளைக் கொய்து கொண்டு படை கூஃபாவுக்குச் சென்றது; பெண்களும், நோயுற்றுக் கிடந்ததால் தப்பிய உசேனின் மகன் அலீயும் சிறைபட்டுப் போயினர். திமிஷ்குவில் யசீதின் அவையிலே ஸைனப் பேசிய பேச்சு தனியே எழுதத் தக்கது. களத்திலோ உடல்கள் அப்படியே கிடந்தன. அவற்றை அடக்கம் செய்தவர்கள் அருகிலிருந்த காதிரிய்யா என்னும் சிற்றூரின் அசது இனத்தார். வீழ்ந்தோருள் ஹபீபும் முஸ்லிமும் அவ்வினத்தவர் என்பது உண்மையே. ஆயினும் ஆட்சிக்கு அஞ்ச வேண்டிய நாளில், ஊர்க்காரர் வந்து குழி வெட்டினர். மன்னனின் சினத்துக்கு அஞ்சாது நினிவேயில் பிணங்களைப் புதைத்த தோபித்தின் ஊரும் இதே இராக்கில்தான் இருந்தது.

இறந்தோரைக் காக்கும் அயலாரை நம் தமிழகத்திலும் காண்கிறோம். சென்னையில் 'ஆயிரம் விளக்கு' என்று நாள்தோறும் சொல்கிறோம். முகர்ரம் துக்கத்திற்கென்று கூடிய மண்டபம் ஒன்று அங்கே இருந்தது. அதில் ஆயிரம் விளக்கேற்றியதால் அப்பெயர். ஆர்க்காட்டு நவாபு குடும்பத்தாரின் ஆதரவில் அங்கே ஷியாக்களின் பள்ளிவாசல் எழுந்தது. நகரத்துக்கு வெளியே இந்நினைவு இன்னும் எதிர்பாராத கைகளில் இருக்கிறது. தஞ்சாவூரை அடுத்த காசவளநாடு புதூரில் முகர்ரத்தைக் கொண்டாடுவோர் இந்துக்கள். ஐவிரல் கொண்ட 'பஞ்சா' என்னும் கை உருவத்தை 'அல்லாசாமி' என்று அழைத்து வீடு வீடாக எடுத்துச் சென்று, இறுதியில் தீமிதிக்கின்றனர். அவ்வைந்து விரல்கள் நபிகளார், அலீ, பாத்திமா, ஹசன், உசேன் என்பர். முந்நூறு ஆண்டு வழக்கம் என்று ஊரார் சொல்கின்றனர். மார்க்க அறிஞர் இதை ஏற்கமாட்டார். நம் மறைக்கல்வி ஆசிரியரும் தலையை அசைப்பார். முஸ்லிம்களை மதிப்போடு நோக்குமாறு 1965-இல் 'நம் காலத்தில்' என்னும் ஏட்டின் வழி இரண்டாம் வத்திக்கான் சங்கம் நம்மைக் கேட்டதற்கு நெடுங்காலம் முன்பே, எழுத்தறியாத உழவர்கள் பிறர் வீட்டுச் சாவுக்கு அழுதிருக்கின்றனர். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அயலாரை ஐயுறும் போக்கு நம் ஊர்களிலும் தலைகாட்டும் இந்நாளில் அவ்வுழவர்கள் நமக்கு வேண்டியவர்கள்.

நமக்கு இன்னும் அருகில், வையை பாயும் சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனத்தை அடுத்து முதுவந்திடல் என்றோர் ஊர் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் நீரெல்லாம் வையையில் கலந்து அவ்வழியே செல்கிறது. அங்கும் முகர்ரம் பூக்குழி இறங்குவோர் இந்துக்கள். அவர்கள் வேண்டிக்கொள்வது உசேனை ஈன்ற பாத்திமா நாச்சியாரை. பாத்திமா மறைந்தது 632-இல்; மகன் அப்போது சிறு பிள்ளை. கர்பலாவை அவர் காணவில்லை. அவ்வூரார்க்கு அக்கணக்கு பொருட்டன்று. மகனுக்காக அழுபவர்கள் தாயிடம் செல்கின்றனர். வியாகுல மாதாவின் பீடத்தருகே நம் பெண்கள் நிற்பதும் அவ்வாறே. ஆடவர் தீயில் நடந்து முடித்தபின், பெண்கள் நனைத்த துணியால் தலையை மூடிக்கொண்டு குழியோரம் அமர்கின்றனர். மண்வெட்டியால் கங்குகளை அள்ளி அவர்கள் தலைமேல் சொரிகின்றனர். இதற்கு அவர்கள் வைத்துள்ள பெயர் 'பூ மெழுகுதல்'.