பார்சல் டப்பாவிலிருந்து வீட்டு வாணலிக்கு: ஜெனரல் சோ சிக்கன் வந்த வழி

அமெரிக்காவின் சீன உணவகங்களில் பார்சலாக வாங்கப்படும் கோழி வகைகளில் மிகவும் பெயர் பெற்றது ஜெனரல் சோ சிக்கன். எலும்பு நீக்கிய கோழித் துண்டுகளைச் சோள மாவில் புரட்டி, எண்ணெயில் மூழ்கப் பொரித்து, சோயா சாஸ், சர்க்கரை, வினிகர், பூண்டு, காய்ந்த மிளகாய் சேர்ந்த கெட்டிப் பாகில் பிரட்டி எடுப்பார்கள். இதையே குறைந்த எண்ணெயிலும் குறைந்த இனிப்பிலும் வீட்டில் செய்துகொள்ளும் வழக்கம் அங்கே பரவிவிட்டது. அதை அசலிலிருந்து விலகிய பத்தியச் சமையல் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உணவின் வரலாற்றைப் பார்த்தால், அந்த இனிப்பும் தடித்த மாவு உறையும்தான் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. அவை ஏன் ஒட்டிக்கொண்டன என்பதில் உணவகத் தொழிலின் கதை இருக்கிறது. வீட்டில் அவற்றை எளிதாகக் கழற்றிவிட முடிவதற்கான காரணமும் அதே கதையில்தான் இருக்கிறது.

பெயருக்கு உரியவர் சோ சோங்டாங் (1812–1885). சீனாவின் ஹூனான் மாகாணத்தில் பிறந்து, சிங் பேரரசின் படைத்தலைவராக உயர்ந்தவர். தைப்பிங் கிளர்ச்சியை அடக்கிய போர்களிலும், மேற்கே சின்ஜியாங்கை மீட்ட படையெடுப்பிலும் பெயர் பெற்றவர். ஆனால் அவர் இந்தக் கோழியைச் சுவைத்ததே இல்லை. அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகுதான் இது பிறந்தது. அவருடைய சொந்த ஊரில் இன்றும் வாழும் வழித்தோன்றல்களுக்கே இந்த உணவு தெரிந்திருக்கவில்லை என்பதை 2008இல் வெளிவந்த தன் நூலில் பத்திரிகையாளர் ஜெனிபர் 8. லீ பதிவு செய்திருக்கிறார்.

உணவை உருவாக்கியவர் பெங் சாங்குவெய். ஹூனானின் தலைநகரான சாங்ஷாவைச் சேர்ந்தவர். தேசியவாத அரசின் பிரதமராக இருந்த டான் யான்காயின் வீட்டுச் சமையற்காரரிடம் தொழில் கற்றார். உள்நாட்டுப் போரில் தேசியவாதிகள் தோற்று 1949இல் தைவானுக்குப் போனபோது அவரும் உடன் போனார். தைப்பேயில் அரசு விருந்துகளுக்குச் சமைத்தார். 1950களில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஆர்தர் ராட்ஃபோர்டு வந்திருந்தபோது, முன்பு பரிமாறியதையே மறுபடியும் பரிமாற மனமில்லாமல் புதிதாக ஒன்றைச் செய்ததாகவும், என்ன பெயர் என்று கேட்டதற்கு அந்த நேரத்தில் மனத்தில் பட்ட தன் மாகாணத்துத் தளபதியின் பெயரைச் சொன்னதாகவும் பெங் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஊரை விட்டு வந்தவருக்கு ஊர்ப் பெருமகனின் பெயர் நாவில் வந்தது இயல்புதான்.

அந்தக் கோழியில் சர்க்கரை இல்லை. ஹூனான் சமையலின் சுவை உப்பு, புளிப்பு, காரம் என்றுதான் போகும். இறைச்சியில் இனிப்பைக் கலப்பது அங்கே அரிது. பெங்கிடமே தைப்பேயில் பேசிய ஆங்கிலேயச் சமையல் எழுத்தாளர் ஃபூஷியா டன்லப் தரும் தைவான் முறையில் தொடைக்கறியும், முட்டை மஞ்சள் கருவும், கிழங்கு மாவும், சோயாவும், அரிசி வினிகரும், கொஞ்சம் தக்காளி விழுதும் இருக்கின்றன, சர்க்கரை இல்லை. அதற்காக அதை எண்ணெயே படாத உணவு என்று சொல்லிவிட முடியாது. அதுவும் பொரித்ததுதான். மாவுப் பூச்சு மெல்லியது, சாறு துண்டுகளில் படியும் அளவே, வேற்றுமை அவ்வளவுதான். ஆனால் சாப்பிடுகிறவரின் உடம்புக்கு அது சின்ன வேற்றுமை இல்லை.

அமெரிக்காவில் சீனத் தொழிலாளர்கள் நுழைவதை 1882இல் தடை செய்த சட்டம் 1943வரை நீடித்தது. 1965இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்த பிறகு தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் தேர்ந்த சமையற்காரர்கள் நியூயார்க்கில் வந்து இறங்கினார்கள். 1972இல் நிக்சன் சீனா போய் வந்ததும் ஹூனான், செச்சுவான் சமையலின் மேல் பெரிய மோகம் கிளம்பியது. அதே ஆண்டில் நியூயார்க்கில் ‘ஹூனாம்’ உணவகத்தைத் திறந்த டி. டி. வாங், முந்தைய ஆண்டு தைப்பேக்குப் போய் அங்கே சமைப்பதைப் பார்த்து வந்தவர். பெங்கின் கோழிக்கு மொறுமொறுப்பான தடித்த உறையும் இனிப்பும் சேர்த்து, வேறொரு ஹூனான் தளபதியின் பெயரில் அவர் பரிமாறினார். ஊர் வாயில் நின்றது சோவின் பெயர். நாக்கில் நின்றது வாங்கின் சுவை.

பெங் 1973இல் நியூயார்க் வந்து, ஐ.நா. தலைமையகத்துக்கு அருகே 44ஆம் தெருவில் கடை போட்டார். ஹென்றி கிஸ்ஸிஞ்சர் அங்கே வாடிக்கையாளர் ஆனார். ஆனால் நகரத்தார் அதற்குள் இனிப்பான கோழிக்குப் பழகியிருந்தார்கள். ஹூனான்காரர் அல்லாதவர்களுக்காகத் தன் செய்முறையைத் தானே மாற்ற வேண்டியிருந்தது என்று பெங் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்த மாற்றம் அவரைச் சொந்த ஊர்வரை துரத்தியது: 1990இல் சாங்ஷாவில் அவர் திறந்த உணவகம் நிலைக்கவில்லை, உள்ளூர்க்காரர்களுக்கு இந்தக் கோழி இனிப்பு அதிகமானதாகத் தோன்றியது. ஹூனான் கோழி என்று உலகம் நம்பிய உணவை ஹூனான் ஏற்கவில்லை.

சுவையின் பழக்கம் ஒரு காரணம் என்றால், எடுத்துச் செல்வது இன்னொரு காரணம். சீன பார்சலின் அடையாளமான வெள்ளைக் காகித டப்பாவுக்கு 1894இல் சிகாகோவின் ஃபிரெடரிக் வீக்ஸ் வில்காக்ஸ் காப்புரிமை பெற்றார். அப்போது அது சிப்பி விற்பதற்கான டப்பா. ஒரே தாளை ஒட்டுப்போடாமல் மடித்து, மேலே கம்பிப் பிடி வைத்தது; அடியில் இணைப்பே இல்லாததால் சாறு கசியாது. பிறகு சீன உணவகங்கள் அதை எடுத்துக்கொண்டன. 1976இல் நியூயார்க்கின் அப்பர் வெஸ்ட் சைடில் ‘எம்பயர் செச்சுவான் கூர்மே’ உணவகத்தைத் தொடங்கிய மிசா சாங், உணவுப் பட்டியலை அச்சடித்து வீட்டு வாசல்களில் செருகி, கேட்டவர்களுக்கு வீட்டுக்கே அனுப்பினார். மற்றவர்கள் பின்பற்றினார்கள். உணவு இனி மேசைக்குப் போவதை நிறுத்திவிட்டு மிதிவண்டியில் ஏறியது.

பொரித்த கோழி டப்பாவுக்குள் போனால் என்ன ஆகிறது என்பதைக் கவனித்தால் மீதிக் கதை விளங்கும். சூடான துண்டிலிருந்து நீராவி வெளியேறிக்கொண்டே இருக்கிறது. மூடிய டப்பாவில் அது மேலே தட்டி, நீர்த்துளியாகி, உறையின் மேலேயே விழுகிறது. மெல்லிய பூச்சு சில நிமிடங்களில் சொதசொதவென்று ஆகிவிடும். தடித்த உறையை ஒரு முறை பொரித்து, ஆறவிட்டு, மீண்டும் அதிகச் சூட்டில் பொரித்தால் ஈரம் வெகுவாக வெளியேறி, உறை கூடுதல் நேரம் தாங்கும். அதன் மேல் ஊற்றும் சாறும் தண்ணியாக இருந்தால் உடனே உள்ளே ஊறும். சர்க்கரை போட்டுப் பாகாகக் காய்ச்சினால் மேலேயே பளபளவென்று படிந்து நிற்கும். தடித்த உறைக்கும் கெட்டிப் பாகுக்கும் வழிப்பயணத்தில் இப்படி ஒரு வேலை இருந்தது. 1987இல் பாண்டா எக்ஸ்பிரஸ் அறிமுகம் செய்த ஆரஞ்சு சிக்கனும் இதே குடும்பம்தான். தட்டில் குவித்து வைத்து விற்கும் கடைகளில் அதுவும் காத்திருந்து தாங்க வேண்டிய உணவு.

இந்த உணவுகள் உடம்புக்கு என்ன செய்கின்றன என்ற கேள்வி முதலில் தவறான பொருளின் மேல் விழுந்தது. 1968இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ராபர்ட் ஹோ மான் குவோக் என்ற மருத்துவர், சீன உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போவதாக ஒரு கடிதம் எழுதினார். சோயா சாஸ், சமையல் ஒயின், அதிக உப்பு ஆகியவற்றையும் அவர் சந்தேகப்பட்டிருந்தார். ஆனால் பழி முழுவதும் மோனோசோடியம் குளூட்டமேட்டின் மேல், அதாவது அஜினோமோட்டோவின் மேல் விழுந்தது. கட்டுப்பாட்டோடு நடந்த பிற்காலச் சோதனைகளில் அந்தக் குற்றச்சாட்டு உறுதிப்படவில்லை. அதில் இருக்கும் சோடியம் சுமார் 12 சதவீதம். சாதாரண உப்பில் ஏறத்தாழ 39 சதவீதம். கடைகள் ‘அஜினோமோட்டோ இல்லை’ என்று பலகை எழுதிக் கொண்டிருந்தபோது, சோயா சாஸின் உப்பையும் பாகின் சர்க்கரையையும் யாரும் எண்ணவில்லை. ஒரு சமூகத்தின் சமையல் மேலேயே சந்தேகத்தை ஏற்றிய அந்தப் பயம், பார்க்க வேண்டியதைப் பல ஆண்டுகள் மறைத்துவிட்டது வருத்தத்துக்கு உரியது.

எண்ணிப் பார்த்தது ‘சென்டர் ஃபார் சயின்ஸ் இன் த பப்ளிக் இன்ட்ரஸ்ட்’ என்ற நுகர்வோர் அமைப்பு. 1993இல் ஒரு முறையும் 2007இல் மறு முறையும் சீன உணவக உணவுகளை ஆராய்ந்தது. 2007 கணக்கின்படி ஒரு பார்சல் ஜெனரல் சோ சிக்கனில் சுமார் 1,300 கலோரியும் 3,200 மில்லிகிராம் சோடியமும் 11 கிராம் நிறைகொழுப்பும் இருந்தன. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் சோடியத்தை நிறுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்தப் பார்சலை இருவர் பகிர்ந்தாலும் ஆளுக்கு 1,600 வந்துவிடும்.

சீன உணவை அமெரிக்க அடுப்பில் சமைக்கக் கற்றுக்கொடுத்தவர்களின் வரிசை இதைவிடப் பழையது. ஜப்பானில் மருத்துவம் படித்த புவெய் யாங் சாவ் 1945இல் எழுதிய சமையல் நூல்தான் ‘ஸ்டிர்-ஃப்ரை’ என்ற சொல்லை ஆங்கிலத்துக்குத் தந்தது. அதிகத் தீயில், சிறிது எண்ணெயில், விடாமல் கிளறி வதக்கும் முறை அது. மூழ்கப் பொரிப்பதற்கு வீட்டில் மாற்று இருக்கிறது என்பதை அந்த ஒரு சொல் நினைவூட்டிக்கொண்டே இருந்தது. 1962இல் வந்த ஜாய்ஸ் சென் நூலுக்கு அறிமுகவுரை எழுதியவர் பால் டட்லி வைட். அதிபர் ஐசனோவருக்கு மருத்துவம் பார்த்த இதய நிபுணர். சீன வீட்டுச் சமையலுக்கும் இதய நலத்துக்கும் அவ்வளவு முன்பே ஒரு முடிச்சு விழுந்திருந்தது. தட்டையான அமெரிக்க அடுப்பில் உட்காரும்படி அடிப்பகுதி தட்டையான சீன வாணலியைப் பரப்பியவரும் ஜாய்ஸ் சென்தான். 1972இல் வர்ஜீனியா லீயோடு சேர்ந்து சீனச் சமையல் நூல் எழுதிய நியூயார்க் டைம்ஸின் கிரெய்க் கிளெய்போர்ன், பிறகு இரத்த அழுத்தம் ஏறியதால் உப்பைக் குறைக்க நேர்ந்து, 1980இல் உப்புக் குறைந்த சமையலுக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

இன்றைய வீட்டு முறை இந்த வழியில் வந்து நிற்பது. மூன்று பேருக்கு அரைக் கிலோ தோல் நீக்கிய தொடைக்கறி போதும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு இன்னும் குறைவு என்றாலும் சீக்கிரம் வறண்டுவிடும். பெங் பயன்படுத்தியதும் தொடைக்கறியே. ஒரு விரற்கடை அளவில் நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், கொஞ்சம் முட்டை வெள்ளைக்கரு, இரண்டு மேசைக்கரண்டி சோள மாவு சேர்த்துப் பிசிறி, கால் மணி நேரம் வைக்க வேண்டும். மாவு துண்டின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வழுவழுப்பான மேல்தோலாகும். அகன்ற வாணலியை நன்றாகக் காயவைத்து, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, முதல் இரண்டு நிமிடம் கிளறாமலே விட்டுவிட வேண்டும். இங்கேதான் பலருக்கும் தவறுகிறது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கி, கோழி நீர்விட்டு, சிவப்பதற்குப் பதில் அவிந்துவிடும். இரண்டு தடவையாகப் போட்டால் ஒரு பக்கம் பொன்னிறமாகப் பிடிக்கும். திருப்பிவிட்டு, உள்ளே 74 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேகவிடலாம். 2010இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் ஏர்ஃப்ரையரைக் கொண்டுவந்த பிறகு, உறையில் கொஞ்சம் எண்ணெய் தெளித்துச் சூடான காற்றில் வாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மொறுமொறுப்பு அதில் கூடும். வாணலியில் கருகும் மிளகாயின் மணம் கிடைக்காது.

சாற்றுக்குத் தனியாக நறுக்கிய இஞ்சி, பூண்டு, விதை தட்டிய காய்ந்த மிளகாய். மிளகாய் கறுப்பதற்குள் இஞ்சியும் பூண்டும் விழ வேண்டும். அதன்மேல் இன்னொரு மேசைக்கரண்டி சோயா, அரிசி வினிகர், ஒரு கரண்டி தக்காளி விழுது, சற்றே தண்ணீர். பெங்கின் முறையில் சர்க்கரை வேண்டியதில்லை. பார்சல் சுவைக்குப் பழகியவர்கள் ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 12 கிராம், போட்டுக்கொள்ளலாம். அதோடு சேர்த்தே மொத்தக் கணக்கு கோழிக்கு சுமார் 600 கலோரி, எண்ணெய்க்கு 240, மாவுக்கு 60, சர்க்கரைக்கு 50 என்று ஆயிரத்தை எட்டாமல் நிற்கிறது. ஆளுக்கு 320 கலோரி அளவில் வரும். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருப்பதால், இரண்டு கரண்டிக்கு ஆளுக்கு 600 என்று வருகிறது. உப்புக் குறைத்த சோயா வாங்கினால் அதிலும் நாற்பது சதவீத அளவுக்குக் குறையும். உப்பு குறைந்த இடத்தை வினிகரும் இஞ்சியும் நிரப்புகின்றன. வினிகரில் பாதியை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றினால் புளிப்பு ஆவியாகிப் போகாமல் நாவில் நிற்கும்.

கடைசியில் சேர்க்கும் எள் எண்ணெய் வறுத்த எள்ளில் எடுத்தது. அரைத் தேக்கரண்டிக்கு மேல் போட்டால் மற்ற மணங்களை விழுங்கிவிடும். வேகவைத்த ப்ரோக்கோலியை உடன் வைப்பது அமெரிக்கப் பழக்கம். பெங்குக்கு அது பிடிக்கவில்லை. ஜெனிபர் லீ காட்டிய அமெரிக்கத் தட்டுகளின் படங்களில் காய்கறிகள் கலந்திருப்பதைப் பார்த்து, இதெல்லாம் தன்னுடையது இல்லை என்றார் அவர். 2016 நவம்பரில், 98ஆம் வயதில், தைப்பேயில் இறந்தார். நார்ச்சத்துக்காகக் காய் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அதைத் தனித் தட்டில் வைத்துக்கொள்ளலாம். வாணலியில் கோழியும் மிளகாயும் மட்டும் இருந்தால் சூடு குறையாது. சாறும் நீர்த்துப் போகாது.