வகுக்கும் எண்: கூடைப்பந்துத் தடுப்பாட்டத்தை அளந்த கதை

1998 ஏப்ரல் 23. பார்சிலோனாவில் ஐரோப்பிய லீக் கூடைப்பந்து இறுதி ஆட்டம். இத்தாலியின் கிண்டர் பொலோஞ்ஞா 58, கிரேக்கத்தின் ஏ.ஈ.கே. ஏதென்ஸ் 44. வென்ற அணியின் பயிற்சியாளர் எத்தோரே மெஸ்ஸினா ஒரு சிசிலிக்காரர். கத்தானியாவில் 1959இல் பிறந்தவர். 40 நிமிடத்தில் 44 புள்ளிதான் என்றதும், 'என்ன தடுப்பாட்டம்!' என்று சொல்லத் தோன்றும். சொல்லலாம், ஆனால் ஸ்கோர்போர்டை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் அன்று ஒரு தாக்குதலுக்கு 30 விநாடி அவகாசம் இருந்தது. 24 விநாடி விதி 2000இல்தான் வந்தது. இரு அணிகளும் ஆற அமர ஆடினாலே புள்ளிகள் குறைந்துவிடும்.

எனவே புள்ளியை எதனால் வகுப்பது என்பதே கேள்வி. ஆட்டத்தால் வகுப்பது பழைய வழக்கம். 'பொசஷன்' என்று வீரர்கள் சொல்வதால் வகுப்பது அடுத்து வந்தது. பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து எதிரணியின் கைக்குப் போகும்வரை ஒரு பொசஷன். நீ ஒருமுறை, நான் ஒருமுறை என்று மாறி மாறி வருவதால், ஓர் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் ஏறக்குறைய சமமாகவே கிடைக்கும். வேகமாக ஆடினாலும் மெதுவாக ஆடினாலும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோதான அளவு அது.

இந்த யோசனை கணினிக் காலத்துக்கு முந்தியது. பிற்பாடு வட கரோலினாவில் பெரும்புகழ் பெற்ற டீன் ஸ்மித், 1950களில் அமெரிக்க விமானப்படை அகாடமியின் துணைப் பயிற்சியாளராக இருந்தபோதே பொசஷனுக்கு எத்தனை புள்ளி என்று கணக்கு வைத்திருந்தார். ஃபிராங்க் மெக்குவயர் 1959இல் வெளியிட்ட தடுப்பாட்ட நூலில் அது அச்சேறியது. ஆனால் தொழில்முறை ஆட்டத்தின் பதிவேடுகள் அதற்குத் தயாராக இல்லை. தவறிய ஷாட்டைத் தாக்கும் அணியே மீண்டும் பிடிக்கும் ரீபவுண்டைத் தனியே குறிக்கும் வழக்கம் என்.பி.ஏ.வில் 1973-74இல்தான் வந்தது. ஷாட் எறியாமலே பந்தை இழக்கும் டர்னோவரை எண்ணத் தொடங்கியது 1977-78இல். இவை இரண்டும் இல்லாமல் பொசஷனை மதிப்பிட வழியில்லை.

மதிப்பீடு எளிது: எறிந்த ஷாட்களோடு டர்னோவரைக் கூட்டு, தாக்கும் அணியின் ரீபவுண்டைக் கழி, ஃப்ரீ த்ரோக்களை 0.44ஆல் பெருக்கிச் சேர். ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதால் அரை என்று வைக்கலாமே என்று தோன்றும். கூடை விழுந்தபின் கூடுதலாகக் கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ புதிய பொசஷனைத் தின்பதில்லை. அதனால்தான் அரைக்குச் சற்றே குறைவு. டீன் ஆலிவர் 2004இல் எழுதிய நூல் இந்த வகைக் கணக்கைப் பரவலாக்கியது.

வகுக்கும் எண் மாறியதும் சிலருக்குப் பழி நீங்கியது. மிலான் அணியில் நெடுங்காலம் ஆடிய மைக் டி'அன்டோனி பயிற்றுவித்த ஃபீனிக்ஸ் சன்ஸ், 2004-05இல் ஆட்டத்துக்கு 103 புள்ளிகளுக்கு மேல் விட்டுக்கொடுத்தது. லீக்கிலேயே அதிகம். பொசஷனால் வகுத்தால் அதே அணி பட்டியலின் நடுவில் நின்றது. எல்லாருக்கும் அப்படி விமோசனம் கிடைக்கவில்லை. 1990-91இல் ஆட்டத்துக்கு 130.8 புள்ளி கொடுத்த டென்வர், வகுத்த பிறகும் கடைசிதான்!

அணியை அளப்பது இவ்வளவு சுலபம். தனி வீரரை அளப்பதில்தான் சிக்கல். பந்தைப் பறித்தால் ஸ்டீல், தட்டிவிட்டால் பிளாக். மற்றதெல்லாம் காற்றில் போகும். ஐரோப்பிய லீக்கின் மதிப்பீட்டுக் குறியீடு ஃபவுலுக்குப் புள்ளி கழிக்கும். எதிராளியைப் பந்தே வாங்கவிடாமல் நிறுத்தியவருக்கு எதுவும் தராது. மைக்கேல் லூயிஸ் 2009இல் ஹூஸ்டனின் ஷேன் பேட்டியரைப் பற்றி எழுதிய கட்டுரை இந்த அநீதியை ஊரறியச் செய்தது. கோபி பிரையன்ட் எறியும்போது பேட்டியர் பந்தைத் தட்டப் பாயமாட்டார். கண்ணுக்கு நேரே கையை விரிப்பார். அதைக் குறிக்கப் புள்ளிவிவரத் தாளில் எந்தக் கட்டமும் இல்லை.

2013-14இல் எல்லா என்.பி.ஏ. அரங்குகளிலும் வீரர்களின் அசைவைக் கண்காணிக்கும் கேமராக்கள் பொருத்தப்பட்ட பிறகே, எந்தப் பொசஷனில் யார் யாரைத் தடுத்தார் என்று எண்ண முடிந்தது.

ஆனால் எண்ணுவது மட்டும் போதாது. 2015 என்.பி.ஏ. இறுதித் தொடரைப் பாருங்கள். லெப்ரான் ஜேம்ஸ் 6 ஆட்டங்களில் சராசரியாக 35.8 புள்ளி எடுத்தார். அவரைத் தடுக்கும் பொறுப்பைப் பெரிதும் சுமந்த ஆண்ட்ரே இகுவோடாலாவுக்குத்தான் தொடர் நாயகன் விருது: 11 வாக்குகளில் 7. ஆட்டக் கணக்கில் இது வேடிக்கை. எறிதல் கணக்கில் அப்படியல்ல. ஜேம்ஸ் 196 ஷாட்களில் 78ஐத்தான் போட்டார், 39.8 விழுக்காடு. ஆனால் விளிம்பில் பட்டுத் தெறித்தவற்றில் பத்து மட்டும் உள்ளே விழுந்திருந்தால் அது 44.9. ஒரு தொடரின் எண்கள் அவ்வளவு மெல்லியவை.

பங்கைப் பிரிப்பதும் எளிதல்ல. 2019 கிழக்குப் பிரிவு இறுதியில் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்ற டொராண்டோ, மூன்றாவதிலிருந்து எதிரணியின் யானிஸ் அன்டெடகூன்போவைத் தடுக்கும் முதல் பொறுப்பைக் காவாய் லெனார்டிடம் கொடுத்தது. தொடர்ந்து நான்கையும் வென்றது. மெஸ்ஸினா துணைப் பயிற்சியாளராக இருந்த சான் ஆன்டோனியோவில் இரண்டு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றவர் லெனார்டு. ஆனாலும் அவருக்குப் பின்னால் கூடையடியில் மார்க் கசோல் நின்றுகொண்டிருந்தார். பொசஷன் லெனார்டின் பெயரில் எழுதப்படும், சுவர் இருவருடையது.

நம் ஊரிலோ ஆரம்பமே பாக்கி. ஃபீபாவின் அதிகாரப்பூர்வ ஸ்கோர்ஷீட்டில் விழுந்த கூடைக்கும் ஃபவுலுக்கும் டைம் அவுட்டுக்கும் இடமுண்டு. தவறிய ஷாட்டுக்கு இல்லை. மாவட்டப் போட்டி நடத்துவோர் ஸ்கோர் மேசையருகே இன்னொரு நாற்காலி போட்டு, ஒரு மாணவரிடம் நோட்டைக் கொடுக்கட்டும். அவர் குறிக்க வேண்டியவை நான்கே: தவறிய ஷாட், தவறிய ஃப்ரீ த்ரோ, தாக்கும் அணியின் ரீபவுண்ட், டர்னோவர்.